பன்னிரண்டாவது நிமிஷம்

ஜனவரி 7, ஞாயிறு

முதல் பாடத்திலேயே பிருந்தா சொல்கிறாள்: "ஒரு நோட்டு எடுத்து வச்சுக்கங்க. தேதி போட்டு, இன்னிக்கு என்ன பண்ணுனேன், எங்க தப்பு வந்துச்சுன்னு எழுதுங்க. எழுதுனாத்தான் மண்டையில நிக்கும்." அதனால் எழுதுகிறேன். ஏழாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். பிழை இருக்கும்.

பிருந்தா என் மகள். இருபத்திரண்டு வயது. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது போய்விட்டாள். இரண்டு நாள் காய்ச்சல்.

அவள் யூட்யூபில் பதினாலு பாடம் போட்டிருக்கிறாள். கம்ப்யூட்டரில் நெட் இல்லாமலே ஓடுகிற சின்னச் சின்ன அப்ளிகேஷன்களை நாமே எப்படிச் செய்வது என்று தமிழில் சொல்லிக் கொடுக்கிறாள். முகம் வராது. திரை தெரியும், குரல் வரும். அவளுடைய லேப்டாப்பில்தான் பார்க்கிறேன், சேனல் அவள் பெயரிலேயே திறந்து கிடக்கிறது.

நான் படித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு ஒரே ஒரு காரியம் ஆக வேண்டும். கடைசிப் பாடத்தை, பதினாலாவதை, அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பதென்று யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால், அதில் என்ன இருக்கிறது, பார்ப்போம் என்று போட்டுப் பார்ப்பார்கள்.

"கம்ப்யூட்டரத் தொட்டே பாக்காதவங்களும் பயப்படாம வாங்க" என்றாள். சரி, அவளிடமே கற்றுக்கொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.


ஜனவரி 10, புதன்

காலை ஐந்து மணிக்கு எழுந்தால் சோறாக்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. மவுசைப் பிடிக்கப் பழகினேன். நான் ஒரு பக்கம் தள்ளினால் அது ஒரு பக்கம் ஓடுகிறது. மேசையை விட்டே கை வெளியே போய்விட்டது.

ரேஷனில் பருப்பு வரவில்லை.


ஜனவரி 14, ஞாயிறு

துக்க வீடு, பொங்கல் கிடையாது. கம்பெனி நாலு நாள் லீவு.

இரண்டாம் பாடம், மூன்றாம் பாடம். ஃபார்ம் என்று ஒரு காலிப் பலகை வருகிறது. அதன்மேல் ஒரு பட்டனை இழுத்து வைக்க வேண்டும். பட்டனை அமுக்கினால் "வணக்கம்" என்று வர வேண்டும். எனக்கு வரவில்லை. சிவப்புக் கோடு வந்தது. வரி முடிகிற இடத்தில் வைக்கிற புள்ளியும் காற்புள்ளியும் சேர்ந்த குறியை விட்டுவிட்டேன். அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

"ரன் குடுங்க. வந்துச்சா?" என்றாள்.

"வரல கண்ணு" என்றேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவர், பிருந்தாவின் அப்பா, "யாருகிட்டப் பேசற?" என்றார். இதே கேள்வியை இதே இடத்தில் நின்று நானும் அவளைக் கேட்டிருக்கிறேன். "பொட்டிகிட்டத் தனியாப் பேசறவளை எவன்டி கட்டுவான்" என்றும் கேட்டிருக்கிறேன்.

அவருக்குக் கம்பெனி டெம்போ ஓட்டுகிற வேலை. லீவு நாளில் டீக்கடையில்தான் இருப்பு. இன்றைக்கும் அங்கே பேச்சு நடந்திருக்கிறது. "ரெண்டு நாள் காச்சல்ல ஒரு புள்ள செத்துப்போவாளா? அந்த லேடி டாக்டர் சரியாப் பாக்கல. நான் சும்மா உடமாட்டேன்" என்று சோறு தின்னும்போதும் அதையே சொன்னார். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.


ஜனவரி 17, புதன்

நாலாம் பாடத்தில் என் குரல் வருகிறது.

அவள் பாட்டுக்கு டெக்ஸ்ட் பாக்ஸ் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடுவில் குக்கர் விசில், அப்புறம் நான்: "பிருந்தா, வெங்காயம் உரிச்சியா இல்லியா?" என் குரல் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி.

கீழே ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "மூணு நிமிஷம் நாப்பது செகண்ட், அம்மா என்ட்ரி." அதற்கு நாற்பத்தாறு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். இன்னொருத்தர்: "வெங்காயம் உரிச்சாச்சா மேடம்?" பிருந்தா பதில் போட்டிருக்கிறாள்: "உரிச்சாச்சுங்க. இந்தச் சேனலுக்கு மியூசிக் எங்கம்மாதான்."

அவளுக்குக் கோபமில்லை. அதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் துணி மடித்தேன்.


ஜனவரி 21, ஞாயிறு

ஏழாம் பாடத்திலிருந்து ஒரு முழு அப்ளிகேஷன் செய்யலாம் என்கிறாள். "எங்கம்மா பனியன் கம்பெனியில செக்கிங் டேபிள்ல இருக்காங்க. அவங்க வேலைக்கே ஒண்ணு பண்ணலாம்" என்றாள்.

வீடியோவை நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டேன்.

தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. பத்தொன்பது வருஷமாக ஒட்டுகிறேன். அவள் செய்கிற ஃபார்மில் பீஸ் நம்பர் எழுத ஒரு இடம், செக்கிங் பண்ணினவர் பெயருக்கு ஒரு இடம், கீழே மூன்று வட்டம்: கறை, ஓட்டை, தையல் விட்டது. மாதிரிக்கு எழுதிய பெயர்களைப் பார்த்தால் ராஜாமணி, தெய்வாத்தாள், சாந்தாமணி. பக்கத்தில் நிற்கிற அக்கா, எதிரில் நிற்கிறவள், நான். வேலை முடிந்து வந்து நான் புலம்புவது சுவரோடு போகிறது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அது தப்பு ஃபார்ம். அவள் வைத்த வட்டத்துக்கு ரேடியோ பட்டன் என்று பெயர். ஒன்றைத் தொட்டால் மற்றது அணைந்துவிடும். ஒரு பீஸுக்கு ஒரு தப்புதான் என்று யார் சொன்னது? ஓட்டை விழுந்த பீஸில் எண்ணெய்க் கறையும் இருக்கும், தையலும் விட்டிருக்கும். மூன்று ஸ்டிக்கர் ஒட்டுவோம்.

அதையும் அவளே சொல்லிவிடுகிறாள்: "இது சரியான்னு அம்மாகிட்டக் கேட்டேன். ஒனக்கு எதுக்குடி இந்தப் பொழப்புன்னுட்டாங்க. அதனால நானா யூகிச்சுப் போட்டிருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கேட்டாள்தான். வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷ வேலை, சொல்லியிருக்கலாம்.


ஜனவரி 24, புதன்

ஆல்டர் பண்ண ஒதுக்கின பீஸ்களைக் கட்டும்போது ஸ்டிக்கர் தாளின் பின்பக்கத்தில் இன்றைய பாடத்தின் வரியை எழுதி வைத்துக்கொண்டேன், மனப்பாடம் ஆகட்டும் என்று. ராஜாமணி அக்கா பிடுங்கிப் பார்த்தது.

"என்ன சாந்தா இது, மந்திரமா? வளைவு வளைவாப் போட்டிருக்க. சூப்பர்வைசர் மேல ஏவலா?"

"பிருந்தாளோட பாடமுங்க்கா."

அக்கா முகம் விழுந்துவிட்டது. தாளை மடித்து என் கையில் வைத்தது. பிறகு, "அந்த சூப்பர்வைசருக்கும் சேத்து ஒண்ணு எழுது. கைகால் வெளங்காமப் போகோணும்" என்றது. சிரிப்பு வந்துவிட்டது. நவம்பருக்கு அப்புறம் முதல் தடவை. சிரித்தது தெரிந்ததும் பாத்ரூம் போய் முகம் கழுவினேன்.


ஜனவரி 28, ஞாயிறு

ரேடியோ பட்டனை எடுத்துவிட்டுச் செக் பாக்ஸ் வைத்தேன். எட்டாம் பாடத்தில் அவளே சொல்லித் தந்ததுதான், வேறொரு இடத்துக்கு. கறை, ஓட்டை, தையல் மூன்றிலும் டிக் விழுகிறது. நாலு தடவை ரன் கொடுத்துப் பார்த்தேன்.

ஒன்பதாம் பாடம் அழிக்கிறதைப் பற்றி. ஒரு பட்டன் வைத்து அதன்மேல் ஆங்கிலத்தில் டெலீட் என்று எழுத வைத்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். சாயங்காலம் அவள் சேனல் பக்கத்தைத் திறந்தபோது, பதினாலாவது பாடத்தின் பக்கத்தில் மூன்று புள்ளி இருந்தது. தொட்டேன். ஒரு பட்டியல் இறங்கியது. கடைசியில் அதே எழுத்துகள் இருந்தன.

ஆக, எனக்கு இப்போது எடுக்கத் தெரியும். வந்த காரியம் முடிந்தது.

பத்தாம் பாடம் பாதியில் நிற்கிறது. அது முடியட்டும்.


ஜனவரி 31, புதன்

மேலே மணி மாதிரி ஒரு படம் இருக்கிறது. இன்றைக்குத்தான் அதைத் தொட்டேன். ஜெசிந்தா என்று ஒரு பெண், தூத்துக்குடி, பதினாலாம் பாடத்துக்குக் கீழே எழுதியிருக்கிறார். பாடத்தைப் போடாமலே படிக்க முடிந்தது.

"மேடம், குரலே சரியில்லையே. நல்ல காய்ச்சல்னு தெரியுது. பாடம் எங்க ஓடிப்போகுது? மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க." தேதி நவம்பர் ஐந்து.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில்தான் இருந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன், கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். தூத்துக்குடியில் இருக்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குக் கீழே டிசம்பரில் ஒன்று. போன வாரம் ஒன்று: "மேடம், உடம்பு சரியாயிருச்சா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

பதில் எழுதுகிற இடத்தில் தட்டினேன்: "சரியாகி விட்டது." தட்டி அனுப்பியும் விட்டேன். பிருந்தா பெயரில் போனது.

ஏன் அப்படி எழுதினேன் என்று இந்த நோட்டில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை.


பிப்ரவரி 4, ஞாயிறு

ஜெசிந்தா பதில் போட்டுவிட்டார். "அப்பாடா! மாதாவுக்கு நன்றி. உங்களை நம்பித்தான் மேடம் நான் படிச்சுக்கிட்டு இருக்கேன். பதினஞ்சாவது எப்ப?" என்று கேட்டுவிட்டு ஒரு சந்தேகமும் கேட்டிருக்கிறார்.

"பதினாலுல, ஃபார்மை மூடும்போது சேவ் பண்ணவான்னு கேக்க வைக்கிறோம்ல. அந்த வரி திரையில தெரியுது, அப்படியே போட்டுட்டேன். இப்ப என் ஃபார்ம் மூடவே மாட்டேங்குது. பன்னிரண்டாவது நிமிஷத்துல நீங்க அதைப் பத்தி என்னமோ சொல்றீங்க, யாரோ ஒரு பொம்பள போடுற சத்தத்துல கேக்கல. அதுக்கப்புறம் ஒம்போது நிமிஷம் ஒண்ணுமே இல்லை, தள்ளிட்டுப் பார்த்தேன். அங்க என்ன சொன்னீங்க மேடம்?"

யாரோ ஒரு பொம்பள.


பிப்ரவரி 7, புதன்

தண்ணீர் வந்தது. பதினோரு குடம். ஒருத்தியாகவே பிடித்தேன்.


பிப்ரவரி 11, ஞாயிறு

பதின்மூன்று பாடமும் முடித்துவிட்டேன். ஜெசிந்தாவுக்கு நானாகவே பதில் கண்டுபிடித்துவிடலாம், பிறகு பதினாலை எடுத்துவிடலாம் என்று காலையிலிருந்து முயன்றேன். பதினாலைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, திரையில் தெரிந்த அந்த வரியை எடுத்துக்கொண்டேன். மேலே வைத்தேன், கீழே வைத்தேன். என் ஃபார்மும் மூடவில்லை. கடைசியில் லேப்டாப்பையே அணைக்க வேண்டியதாயிற்று.

மறுபடி போட்டு, மூன்று புள்ளியைத் தொட்டு, டெலீட்டை அமுக்கினேன். நிச்சயமா என்று கேட்டது. ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போடச் சொன்னது. போட்டேன். இன்னும் ஒரு அமுக்குதான். அமுக்கவில்லை. அமுக்கினால் ஜெசிந்தாவின் ஃபார்ம் மூடாமலே கிடக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. பைத்தியக்காரி யோசனை மாதிரி இருக்கலாம்.

இந்த நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு நாள் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். நோட்டிலும் பொய் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றாள். "நாலு நாள் காச்சலோட வீட்டுல வச்சுட்டு இப்பக் கொண்டு வந்தா நாங்க என்னம்மா பண்றது? பெத்தவதானே நீ?" என்று அந்த லேடி டாக்டர் எல்லார் முன்னாலும் கேட்டார். அடுத்தது நாங்கள். "எத்தனை நாளாக் காச்சல்?" என்றார். "ரெண்டு நாளுங்" என்றேன். அன்றைக்கு ஆறாவது நாள். பிருந்தா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், எதற்குச் சொல்கிறேன் என்று. ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் அந்த இரண்டைத்தான் எழுதிக்கொண்டார்.


பிப்ரவரி 18, ஞாயிறு

அவர் வீட்டில் இருந்தார். "ஏனுங்க, இங்க வந்து உக்காருங்க. ஒண்ணு போடறேன்" என்றேன்.

பதினாலாம் பாடம் போட்டேன்.

முதல் பத்து நிமிஷம் அவள் வரிக்கு வரி மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாவது நிமிஷம் நான் வந்தேன்.

"ஏய் பிருந்தா! தண்ணி வந்து எவ்வளவு நேரமாச்சு. கொடத்தத் தூக்குடி. காச்சலாம் காச்சல், மூணு நாளா இதே பாட்டு. பொட்டிகிட்டப் பேசறதுக்கு மட்டும் எங்கிருந்துடி தெம்பு வருது?"

என் சத்தத்துக்கு அடியில் அவள் பேசிக்கொண்டேதான் இருக்கிறாள். பிறகு, "ஒரு நிமிஷம், வந்தர்றேன்" என்று நாற்காலியைத் தள்ளுகிற சத்தம். அதற்குப் பிறகு திரை அப்படியே நிற்கிறது. வழக்கமாக இந்த மாதிரி இடத்தை வெட்டிவிடுவாள். அன்றைக்கு வெட்ட முடியாமல் இருந்திருக்கும். ஒன்பது நிமிஷமும் கேட்டோம். குடத்தைத் தரையில் இறக்குகிற சத்தம் ஏழு தடவை வந்தது. நான் குழாயடியில் நின்று நிரப்பிக் கொடுத்தேன். படியேறிச் சுமந்தது அவள்.

முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"மூணு நாளுன்னு ஒனக்கே தெரிஞ்சிருக்குது."

"தெரியுமுங்க."

"அப்பறம் டாக்டர்கிட்ட எதுக்கு ரெண்டுன்ன?"

"முன்னாடி நின்னவளை வஞ்சாங்க. என்னையும் வய்வாங்கன்னு."

"வஞ்சா வஞ்சுட்டுப் போறாங்க!" என்று கத்தினார். எதிர்வீட்டில் டிவியைக் குறைத்தார்கள். டெம்போ சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.


பிப்ரவரி 20, செவ்வாய்

வரவில்லை. கம்பெனி ஷெட்டிலேயே படுக்கிறாராம்.


பிப்ரவரி 22, வியாழன்

சத்தத்தை முழுசாக வைத்து, பன்னிரண்டாவது நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். என் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் அவள் சொல்வது துண்டு துண்டாக வருகிறது. ஒரு துண்டு கேட்டால் நிறுத்தி எழுதிக்கொண்டேன். அப்புறம் அடுத்தது. என் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்கே காது கூசியது. முப்பது தடவைக்கு மேல் இருக்கும். முழுசாகக் கிடைத்துவிட்டது. என் ஃபார்மில் போட்டுப் பார்த்தேன். மூடுகிறது.


பிப்ரவரி 25, ஞாயிறு

காலையில் வந்தார். குளித்தார். தோசை சுட்டுப் போட்டேன், தின்றார். கைகழுவிவிட்டு வந்து பேசினார்.

"அந்த டாக்டரப் பத்தி நான் எத்தன பேருகிட்டப் பேசியிருப்பேன் தெரியுமா. நேத்து ஒருத்தன் மறுபடி அதையே கேட்டான். இல்லப்பா, தப்பு எங்கூட்டுலதான்னு சொல்லிட்டேன்."

நான் சாப்பிட்ட தட்டை எடுத்தேன்.

"எனக்கும்தான் தெரியல. அந்த வாரம் நான் தூத்துக்குடி லோடு ஏத்திட்டுப் போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாளுதான் போன்ல காச்சல்னா. மாத்திரை போட்டுக்க கண்ணுன்னு வச்சுட்டேன்." லேப்டாப்பைக் காட்டினார். "அதை எடுத்துரு புள்ள. எடுக்கத் தெரியுமல்ல? ஊரெல்லாம் கேக்கும். காலத்துக்கும் உன்னப் பேசுவாங்க."

"தெரியுமுங்க. அதுக்குத்தான் இதையே கத்துக்கிட்டேன்."

"அப்பறம் என்ன?"

"அதுலதான் சேவ் பண்றதச் சொல்லித் தரா. அது இல்லீன்னா மத்த பதிமூணும் படிச்சுப் பிரயோஜனம் இல்லீங்க. செஞ்சதெல்லாம் மூடுனாப் போயிரும்."

அவர் எழுந்து போகவில்லை. பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தாவுக்கு எழுதி முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு எழுத்தை அவர்தான் தேடிக் கொடுத்தார். அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"ஜெசிந்தா அவர்களுக்கு. நான் பிருந்தாவின் அம்மா. பிருந்தா நவம்பர் ஒன்பதாம் தேதி இறந்துவிட்டாள். உடம்பு சரியாகிவிட்டது என்று உங்களுக்குப் பொய் எழுதியது நான். பன்னிரண்டாவது நிமிஷத்தில் சத்தம் போடுகிற பொம்பளையும் நான்தான். காய்ச்சலோடு தண்ணீர் சுமக்க வைத்தேன். பதினைந்தாவது பாடம் இல்லை. நீங்கள் கேட்ட இடத்தில் அவள் சொல்வது இது: 'இந்த வரிய, வேண்டாம்னு அமுக்குனா மட்டும் ஓடுற இடத்துக்குள்ள போடுங்க. வெளியில போட்டா ஃபார்ம் எப்பவுமே மூடாது.' போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. பாடத்தை எடுக்க மாட்டேன், அது அங்கேயே இருக்கும். நான் கத்துகிற இடத்தில் யாரும் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டாம். குறைத்தால் அவள் பேசுவது கேட்காது."